வர்க்கமூலமும் இரண்டாம் விடையும்

போர்ட் கிள்ளானில் மாலை வகுப்பொன்றில் நான்காம் படிவ மாணவர் சிலரோடு நாம் ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தோம். ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி, வந்த தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தால் மீண்டும் அதே எண்ணே கிடைக்கிறது; அவ்வெண் யாது என்பதே வினா. கேட்பதற்கு விடுகதை போன்றது. எழுதினால் ஒரே வரியில் அடங்கும்:

√(யா + 6) = யா

அறியாத எண்ணை நாம் ‘யா’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பாரத நாட்டுப் பழங்கணிதர் அறியாக் கணியத்தை ‘யாவத்தாவத்’ என்றனர். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். அச்சொல்லின் முதலெழுத்தாகிய ‘யா’வையே குறியாகக் கொண்டு சமன்பாடுகளை எழுதினர். இரண்டாவது அறியாக் கணியம் வந்தால் அதற்குக் ‘காளகம்’, அதாவது கருநிறம், என்று பெயரிட்டுக் ‘கா’ என்று குறித்தனர். இக்கட்டுரை முழுவதும் அவ்வழக்கையே பின்பற்றுவோம்.

மாணவர்கள் தயங்கவில்லை. இருபுறமும் வர்க்கப்படுத்தினர்; யா + 6 = யா² என்று வந்தது. அதை ஒழுங்குபடுத்தி யா² − யா − 6 = 0 என்றும், காரணிப்படுத்தி (யா − 3)(யா + 2) = 0 என்றும் எழுதினர். விடை 3, −2 என்று கோடிட்டு முடித்தனர். 3-ஐப் பொருத்திப் பார்த்தால் √9 = 3; சரி. −2-ஐப் பொருத்தினால் √4 = 2; வலப்புறத்திலோ −2 நிற்கிறது. பொருந்தவில்லை. “இதை நீக்கிவிடுங்கள்” என்றோம். ஒரு மாணவி மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஐயா, நான் எந்த வரியிலும் தவறு செய்யவில்லையே. பிறகு இந்தத் தவறான விடை எங்கிருந்து வந்தது?”

நியாயமான கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் ‘விடையைச் சரிபார்க்கவும்’ என்ற ஓர் அறிவுரையோடு நின்றுவிடுகின்றன. சரிபார்ப்பது பிழை செய்தவன் செய்யவேண்டிய வேலை என்றே மாணவர் எண்ணுகின்றனர். பிழையே செய்யாதவனும் ஏன் சரிபார்க்கவேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடும்போது நாம் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

புறப்படுமுன் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. வர்க்கமூலமோ இடைநிலைப்பள்ளி முதற்படிவக் கணித நூலின் மூன்றாம் இயலில்தான் வருகிறது. ஆகவே, தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளை இக்கருத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போது அது ‘புன்ச்சா குவாசா டுவா’ என்னும் மலாய்ப் பெயரோடு வருகிறது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியதும், பின்னர் 2012 முதல் படிப்படியாக அம்முறை கைவிடப்பட்டதும் ஆசிரியர்கள் அறிந்தவையே. எம்மொழியில் வந்தாலும் வரட்டும். ஆயினும் கூட்டல், கழித்தல், பின்னம் வரையில் தமிழில் சிந்தித்த பிள்ளை, மூலத்தின் வாயிலில் மொழியையும் மாற்றிக்கொண்டு நுழைகிறது என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாயிலில்தான் ‘ஏன்’ என்னும் கேள்வியும் பல பிள்ளைகளிடம் நின்றுபோகிறது.

உண்மையில் அச்சொற்கள் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. ‘மூலம்’ என்பது வேர். வடமொழிக் கணித நூல்கள் வர்க்கத்தின் வேரை மூலம் என்றன. அரபு மொழியினர் ‘ஜத்ர்’ என்றனர்; அதற்கும் வேர் என்றே பொருள். இலத்தீனில் அது ‘ராடிக்ஸ்’ ஆயிற்று, அதுவும் வேரே. மலாய்மொழியின் ‘புன்ச்சா’ என்பது தோற்றுவாய், மூலகாரணம் என்னும் பொருளுடையது. நான்கு மொழிகளும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: வர்க்கம் மண்ணுக்கு மேலே நிற்கும் மரம், அது எதிலிருந்து கிளைத்ததோ அது மண்ணுக்குள்ளே. மாணவரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கின்றனர். ‘மூலம்’ என்றதும் சிலர் சிரிப்பதும் உண்டு. மருத்துவமனை விளம்பரங்கள் அச்சொல்லுக்கு வேறொரு பொருளை ஊரெங்கும் நிலைநாட்டிவிட்டன. சிரித்து முடிக்கட்டும்.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளிலும் வர்க்கம் அறியப்படாததன்று. எண்சுவடி மனனம் செய்த சிறுவர் குழிமாத்து என்னும் வாய்ப்பாட்டையும் ஓதினர். நிலத்தின் பக்க அளவைப் பெருக்கிக் குழிக்கணக்கில் பரப்பைச் சொல்ல உதவும் வாய்ப்பாடு அது. பக்கம் தெரிந்தால் பரப்பு சொல்வது குழிமாத்து. பரப்பு தெரிந்து பக்கம் கேட்டால் அதே வாய்ப்பாட்டைத் தலைகீழாகப் படிக்கவேண்டும்; அதுவே மூலம் காண்பது. நிலத்துக்குக் குறை அளவுடைய பக்கம் இல்லை. எனவே இரண்டாம் விடை பற்றிய சிக்கலும் அங்கே எழவில்லை. சிக்கல், எண்ணை நிலத்திலிருந்து பிரித்தெடுத்து அதை மட்டுமே வைத்துக் கணக்கிடத் தொடங்கியபோது பிறந்தது.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீராச்சாரியர். அவர் இயற்றிய ‘கணிதசாரசங்கிரகம்’ மூலம் கலந்த கணக்குகளை வகைவகையாகப் பிரித்துப் பேசுகிறது. நூலின் சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் சென்னையில் பதிப்பித்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியர். அதே 1912-இல் அதே சென்னையில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

மகாவீரரின் கணக்கொன்றின் கருத்து இது: ஓர் ஒட்டகக் கூட்டத்தில் கால்பங்கு காட்டில் காணப்பட்டது, கூட்டத்தின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குப் போயிற்று, ஆற்றங்கரையில் மும்மடங்கு ஐந்து, அதாவது 15 ஒட்டகங்கள் நின்றன. கூட்டம் எத்தனை?

கூட்டத்தின் மூலத்தை ‘ப’ என்று வைத்தால் கூட்டம் ப² ஆகும். கால்பங்கு போக மீதி முக்கால்பங்கு. அது 2ப + 15-க்குச் சமம். நான்கால் பெருக்கினால் 3ப² = 8ப + 60. இதன் விடைகள் இரண்டு: ப = 6; ப = −10/3. முதல் விடைப்படி கூட்டம் 36. ஒன்பது காட்டில், பன்னிரண்டு மலையில், பதினைந்து ஆற்றங்கரையில்; கணக்கு நேராகிறது. இரண்டாம் விடைப்படி கூட்டம் 100/9, ஏறத்தாழப் பதினொன்று. முழு ஒட்டகங்களாக நிற்காது. இங்கே வாழ்க்கையே விடையைத் தேர்ந்து கொடுத்துவிடுகிறது. ஒட்டகத்தைப் பின்னமாக்க எவரும் உடன்படார்.

கணிதர்கள் ஒட்டகம், அன்னம், வண்டு, குரங்கு என்று உயிரினங்களை வைத்துக் கணக்கிட்டது மாணவரை மகிழ்விக்க மட்டுமோ, வேறு பயனும் கருதியோ என்று நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு. உயிருள்ளவற்றை எண்ணும்போது பொருந்தா விடை தானே வெளியே நிற்கிறது. வெறும் ‘யா’வை எண்ணும்போது அப்படி நிற்பதில்லை.

இனி பாஸ்கராச்சாரியர். அவர் பிறந்த ஆண்டு 1114. ‘லீலாவதி’யையும் ‘பீஜகணித’த்தையும் உள்ளடக்கிய பெருநூலை எழுதியது 1150-இல், தம் முப்பத்தாறாம் வயதில். அவருடைய பேரர் சாங்கதேவர், பாஸ்கரரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். அதைப் பதிவுசெய்யும் 1207-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றைய மகாராட்டிரத்தில் சாலிஸ்காவுக்கு அருகில் பாட்டண் என்னும் இடத்தில் கிடைத்தது. ஒரு கணித ஆசிரியரின் பாடநூலுக்காகக் கல்லில் எழுத்து வெட்டப்பட்ட காலமும் இருந்தது!

‘லீலாவதி’ மகளின் பெயர் என்றும், அவள் திருமணம் தடைப்பட்ட துயரை ஆற்ற எழுதப்பட்ட நூல் என்றும் வழங்கும் கதையை 1587-இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்த பைஸியின் முன்னுரை சொல்கிறது. அழகான கதை, நம் பொருளுக்குத் தேவையில்லை.

அந்நூலில் வரும் அன்னக் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அன்னக் கூட்டத்தின் மூலத்தில் பாதியைப் போல் ஏழு மடங்கு கரையில் உலாவுகிறது. நீரில் இரண்டு மட்டும் எஞ்சி நிற்கின்றன. எண்ணிக்கை யாது? பாஸ்கரர் தரும் விதி செய்முறையாகவே அமைகிறது. மூலத்தைப் பெருக்கும் எண் 7/2. அதில் பாதி 7/4. அப்பாதியின் வர்க்கம் 49/16. அதனோடு கண்ணில் தெரியும் 2-ஐக் கூட்டினால் 81/16. அதன் மூலம் 9/4. இதனோடு முன்சொன்ன பாதியாகிய 7/4-ஐக் கூட்டினால் 16/4, அதாவது 4. அதன் வர்க்கம் 16. பதினாறு அன்னங்களில் பதினான்கு கரையில், இரண்டு நீரில். இன்று நான்காம் படிவத்தில் ‘வர்க்கப் பூர்த்தி’ என்று கற்பிக்கும் முறையே இது. எழுத்துக்குறி இல்லாமல், சொல்லால் நடத்தப்படுகிறது. இன்னொரு கணக்கில் கார்முகில் கண்டு மானச ஏரிக்குப் பறக்கும் அன்னங்களின் தொகை 144 என்று வருகிறது. மூலத்தின் பத்து மடங்காகிய 120 பறந்தன. எட்டில் ஒன்றாகிய 18 வேறொரு வனத்துக்குப் போயின. மூன்று இணைகள் நீரில் விளையாடின. மாணவரே இதற்குச் சமன்பாடு எழுதிப் பார்க்கலாம்.

ஆனால் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 81/16-இன் மூலம் 9/4 என்றோம். −9/4-இன் வர்க்கமும் 81/16 தானே? அதை எடுத்திருந்தால் −9/4 + 7/4 = −1/2; வர்க்கம் 1/4. கால் அன்னம்! ‘லீலாவதி’யின் விதி இவ்வழியைத் திறப்பதேயில்லை. தொடக்க மாணவருக்கான நூலாதலால் இரண்டாம் விடை தலைகாட்டாதபடி விதியே காவலாக நிற்கிறது.

‘பீஜகணிதம்’ அப்படியன்று. பீஜம் என்றால் விதை. விளைச்சலை மட்டுமன்றி விதையையும் காட்டும் நூல் ஆகையால், அங்கே கதவைத் திறந்தே வைக்கிறார். நிறையெண், குறையெண் இரண்டின் வர்க்கமும் நிறையே. ஆகவே நிறையெண்ணுக்கு மூலம் நிறையும் ஆகலாம், குறையும் ஆகலாம். குறையெண்ணுக்கு மூலமில்லை, ஏனெனில் அது எதன் வர்க்கமும் அன்று என்று தெளிவாக வகுக்கிறார். பின்னர் இரண்டு குரங்குக் கணக்குகளை அடுத்தடுத்து வைக்கிறார். நம் மாணவியின் கேள்விக்கு விடை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

முதற்கணக்கு: ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கினுடைய வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி பன்னிரண்டும் மலைமேல் ஆரவாரிக்கின்றன. (யா/8)² + 12 = யா. தீர்த்தால் 48, 16 என்று இரு விடைகள். 48 என்றால் எட்டில் ஒன்று 6, வர்க்கம் 36, பன்னிரண்டோடு 48. 16 என்றால் எட்டில் ஒன்று 2, வர்க்கம் 4, பன்னிரண்டோடு 16. இரண்டும் சரியே என்று பாஸ்கரர் ஏற்கிறார். இரண்டு விடை வந்தால் ஒன்றைத் தள்ளியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாம் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, மீதியை வர்க்கப்படுத்திய அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் மரக்கிளையில் ஏறித் தெரிகிறது. (யா/5 − 3)² + 1 = யா. ஒழுங்குபடுத்தினால் யா² − 55யா + 250 = 0; விடைகள் 50, 5. ஐம்பது என்றால் ஐந்தில் ஒன்று 10, மூன்று போக 7, வர்க்கம் 49, கிளையில் ஒன்று, மொத்தம் 50. நன்று. ஐந்து என்றால்? ஐந்தில் ஒன்று 1, மூன்று போக −2, வர்க்கம் 4, கிளையில் ஒன்று, மொத்தம் 5. எண்ணளவில் இதுவும் கூடிவருகிறது! ஆயினும் இதை ஏற்கலாகாது என்கிறார் பாஸ்கரர். பொருந்தாமையே காரணம், கண்முன் நிற்கும் பொருளைக் குறையெண்ணாகக் கொள்வதில் உலகத்தாருக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

இவ்விடத்தில் நாம் நின்று நிதானிக்கவேண்டும். தள்ளப்பட்ட விடை 5. அது குறையெண் அன்று, பின்னமும் அன்று. ஐந்து குரங்குகள் கொண்ட கூட்டம் எங்கும் உண்டு. குகைக்குள் நான்கு, கிளையில் ஒன்று என்பதிலும் குறை காணமுடியாது. கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் இதைத் தள்ளவே மாட்டார். பாஸ்கரர் கடைசி வரியைப் பார்க்கவில்லை. கணக்கின் நடுவே சென்று, ‘ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்று போக’ என்ற இடத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்தார். அங்கே −2 நின்றது. வர்க்கப்படுத்தும்போது அக்குறை அழிந்து 4 ஆகிவிட்டது. அழிந்தது எங்கே என்பதை அவர் மறக்கவில்லை.

அதே கணக்கை மூலக்குறியோடு எழுதினால் √(யா − 1) = யா/5 − 3 என்றாகும். இன்று ‘புறம்பான மூலம்’ என்று நாம் எழுதி நீக்குவது துல்லியமாக இதைத்தான். பாஸ்கரர் காட்டிய காரணம் உலக வழக்கு. நாம் காட்டும் காரணம் குறியீட்டின் வரையறை. தேடிச் சென்ற இடமோ ஒன்றே.

வரையறை என்றோம், அதையும் பார்த்துவிடுவோம். பாஸ்கரர் முதலியோர் முழுமையாக எடுக்கவியலாத மூலத்தைக் ‘கரணி’ என்றனர். எழுத்தில் ‘க’ என்று குறித்தனர். அரபு நூல்கள் அதைச் செவிடு என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தன. அது இலத்தீனுக்குப் போய், இன்று நம் பிள்ளைகள் கூடுதல் கணிதத்தில் படிக்கும் ‘சர்ட்’ ஆயிற்று. √ என்னும் குறி 1525-இல் கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்னும் கணிதரின் செர்மானிய நூலில் அச்சேறியது. எதுவரை மூலம் எடுக்கவேண்டும் என்று காட்டும் மேற்கோட்டை 1637-இல் டேக்கார்ட் சேர்த்தார். அக்குறிக்குப் பிற்காலக் கணிதவுலகம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது: √9 என்று எழுதினால் அது 3 மட்டுமே, −3 அன்று. ‘வர்க்கம் 9 ஆகும் எண்கள் யாவை’ என்று கேட்டால் விடை இரண்டு. ‘√9 யாது’ என்று கேட்டால் விடை ஒன்று. தமிழிலும் மலாயிலும் இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். குழப்பம் பாதி அதனால் விளைவதே.

இப்போது மாணவியின் −2 எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். √(யா + 6) = யா என்பது ஒரு கேள்வி. √(யா + 6) = −யா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் வர்க்கப்படுத்தினால் ஒரே வரிதான் கிடைக்கும்: யா + 6 = யா². வர்க்கப்படுத்திய கணத்தில் இரு கேள்விகளும் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டன. அதன்பின் செய்யும் ஒவ்வொரு படியும் சரியே; ஆனால் அது இரு கேள்விகளுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை. வெளியே வரும் விடைகளில் 3 நாம் கேட்ட கேள்விக்கு உரியது. −2 பக்கத்துக் கேள்விக்கு உரியது; √4 = 2, அது −(−2)-க்குச் சமம். ஆகவே −2 தவறான விடையன்று, பிறர்வீட்டு விடை. மாணவி எந்த வரியிலும் தவறு செய்யவில்லை என்றது முற்றிலும் உண்மை. சரிபார்ப்பது பிழைதேடும் வேலையன்று. எவ்விடை எவ்வீட்டுக்கு உரியது என்று பிரிக்கும் வேலை.

‘குறையெண் வந்தால் தள்ளு’ என்று சுருக்கவிதி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் √(யா + 6) = −யா என்பதையும் கரும்பலகையில் எழுதவேண்டும். இங்கே −2 நிற்கும், 3 போகும். சுருக்கவிதி தலைகீழாகக் கவிழும்.

முன்பு 1912-இல் சென்னையில் நடந்த நிகழ்ச்சி என்றோம். அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். துறைமுகம் சார்ந்து வாழும் ஊரில் இதை நாம் பேசும்போது தனியொரு நெருக்கம் தோன்றுகிறது. அந்நாளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறியவர்கள் வந்திறங்கிய துறைகளுள் ஒன்று 1901-இல் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர்மாறிய நம் போர்ட் சுவெட்டன்ஹாம். அங்கே துறைமுகக் கணக்கர் ஒருவர் அலுவலகத் தாளில் மூலங்களை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நம் முன்னோர் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தனர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குமுன், கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் இராமானுஜன் படித்த நாளில், மூத்த மாணவர் ஒருவர் அவரைச் சோதிக்க ஒரு கணக்குக் கொடுத்தாராம். பள்ளித் தோழர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி அது. கணக்கு:

√யா + கா = 7
யா + √கா = 11

இராமானுஜன் மிக விரைவில் விடை சொல்லிவிட்டார்: யா = 9, கா = 4. √9 + 4 = 7; 9 + √4 = 11. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி வியக்கின்றனர். விடையை ஊகிப்பது கடினமன்று. பதினொன்றுக்குள் வர்க்க எண்கள் சிலவே. இதைத் தவிர வேறு விடை இல்லையா என்பதே கணக்கின் உயிர். நேராக வர்க்கப்படுத்திச் சென்றால் நான்காம் படிச் சமன்பாடு வந்து நிற்கும். நான்கு விடைகள் கிளைக்கும். ஆசிரியர்கள் வகுப்பில் காட்டத்தக்க ஒரு குறுக்குவழியை இங்கே தருகிறோம்.

√யா-வைப் ‘ப’ என்றும் √கா-வை ‘ம’ என்றும் வைப்போம். முதல் வரி ப + ம² = 7. இதிலிருந்து ப − 3 = 4 − ம², அதாவது ப − 3 = (2 − ம)(2 + ம). இரண்டாம் வரி ப² + ம = 11. இதிலிருந்து 2 − ம = ப² − 9, அதாவது 2 − ம = (ப − 3)(ப + 3). இதை முதல் வரியில் இட்டால்,

ப − 3 = (ப − 3)(ப + 3)(ம + 2)

ஒன்று ப = 3 ஆகவேண்டும்; அப்போது ம = 2, நமக்குத் தெரிந்த விடை. இல்லையேல் (ப + 3)(ம + 2) = 1 ஆகவேண்டும். ப, ம இரண்டும் √ குறியால் வந்தவை; சுழியத்துக்குக் குறையா. ஆகவே (ப + 3) மூன்றுக்குக் குறையாது. (ம + 2) இரண்டுக்குக் குறையாது. பெருக்கம் ஆறுக்குக் குறையவே முடியாது. ஒன்று ஆவது எங்ஙனம்? வேறு விடை இல்லை.

நான்காம் படியில் கிளைத்த மற்ற மூன்று விடைகளும் இந்த ஒரு வாயிலில் தடுக்கப்பட்டன. √ குறி நிறையை மட்டுமே தரும் என்ற உடன்பாட்டை நீக்கிவிட்டால் அம்மூன்றும் உள்ளே வந்துவிடும். ஐந்து குரங்குகளைத் தடுத்த அதே வாயில்தான் இது.

இராமானுஜன் துறைமுகப் பணியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1911-இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகருக்கு ஒரு வினா விடுத்தார். 3-க்கு மூலமாக எழுதப்பட்ட 9-ஐ 1 + 2 × 4 என்று விரிக்கலாம். அதிலுள்ள 4-ஐ மீண்டும் √(1 + 3 × 5) என்று விரிக்கலாம். அதிலுள்ள 5-ஐ √(1 + 4 × 6) என்று விரிக்கலாம். இப்படி மூலத்துக்குள் மூலமாக முடிவின்றிச் செல்லும் கோவையை மட்டும் அச்சிட்டு, அதன் மதிப்பு யாது என்று கேட்டார். வாசகர் எவரும் விடை அனுப்பவில்லை; பின்னர் அவரே வெளியிட்டார். விடை 3. எளிய எண்ணொன்றை மூலத்தின் கீழ் ஒளித்து வைத்தல் அவருக்கு விளையாட்டு. அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவராதலால் அவ்விளையாட்டைத் தடுக்கவில்லை என்பது தமிழுலகின் நற்பேறு.

மாலை வகுப்புக்குத் திரும்புவோம். அடுத்த வாரம் அதே மாணவர்களுக்கு √யா = யா − 6 என்ற கணக்கைக் கொடுத்தோம். வர்க்கப்படுத்தினால் யா² − 13யா + 36 = 0; விடைகள் 9, 4. இரண்டும் நிறையெண்கள், இரண்டும் முழு எண்கள், இரண்டும் வர்க்க எண்கள்கூட. பார்வைக்கு ஐயம் எழ இடமே இல்லை. பலர் இரண்டையும் எழுதி மூடிவிட்டனர். கேள்வி கேட்ட மாணவி மட்டும் 4-ஐப் பொருத்திப் பார்த்தாள். இடப்புறம் 2, வலப்புறம் −2. அதை அடித்துவிடாமல் அருகில் ஓர் அம்புக்குறி இட்டு, ‘இது √யா = 6 − யா என்பதன் விடை’ என்று எழுதினாள். நாம் மதிப்பெண் இடும்போது அவ்வரிக்குத் தனியாக ஒன்று கூட்டினோம்.